கூடம் கோணல்தான்!

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. அந்தப் பழமொழி தலைகீழாகிப் போகும் ஆட்டம் ஒன்று உலகில் உண்டென்றால் நம்புவீர்களா? உண்டு. கோல்ஃப் என்பது அதன் பெயர். அங்கே கூடம் உண்மையிலேயே கோணல். ஆடத் தெரிந்தவன்தான் அந்தக் கோணலை முதலில் கண்டு சொல்வான். ஆடத் தெரியாதவனோ கூடத்தைப் பார்ப்பதே இல்லை. கையிலிருக்கும் கோலைக் கோணல் என்கிறான். அப்படிச் சொன்னவர்களில் அடியேனும் ஒருவன்.

“கல்லூரி மலரில் கோல்ஃப் பற்றி என்ன கட்டுரை? அது சீமான்கள் ஆட்டமாயிற்றே?” என்று முகம் சுளிக்க வேண்டாம். எந்தச் சீமானும் தன் பையைத் தானே சுமப்பதில்லை. என் தந்தையார் நம் மலையில் உள்ள ஒரு திடலில் முப்பது ஆண்டுகளாகப் பை சுமப்பவர். பை சுமந்து, புதரில் விழுந்த பந்தைத் தேடிக் கொடுத்து, எந்தக் கோலால் அடிக்கலாம் என்று கேட்டால் சொல்லி, கேட்காவிட்டால் வாய்மூடி நடக்கும் இந்தத் தொழிலாளிக்குக் ‘கேடி’ என்று பெயர். காவல் நிலையத்துப் பலகையில் படம் ஒட்டப்படுகிறவனுக்கும் நம் ஊரில் அதே பெயர்தான்! மூன்றாம் வகுப்பில் ஆசிரியர் “உங்கப்பா என்ன வேலைடா?” என்று கேட்டபோது, “கேடி சார்” என்று எழுந்து நின்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. ஏன் சிரித்தார்கள் என்று புரிய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

சனி, ஞாயிறுகளில் நானும் பை சுமக்கிறேன். மற்ற நாட்களில் இக்கல்லூரியில் இயற்பியல் படிக்கிறேன். இந்த இரண்டு தகுதிகளையும் வைத்துக்கொண்டுதான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சில சொற்கள். திடலில் 18 குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் வெகு தொலைவிலிருந்து பந்தை அடித்துக்கொண்டே வந்து, குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கும் தளத்தில் சேர்க்க வேண்டும். அந்தத் தளத்துக்குக் கிரீன் என்று பெயர். அங்கே வந்த பிறகு பந்தைத் தூக்கி அடிப்பதில்லை. தரையோடு உருட்டிக் குழியில் விழச் செய்ய வேண்டும். உருட்டுவதற்கென்றே தனிக்கோல் உண்டு. அதற்குப் பட்டர் என்று பெயர். (ரொட்டியில் தடவுவதும் அன்று, பெருமாள் கோயிலில் தீர்த்தம் கொடுப்பவரும் அல்லர்!) குழியின் வாய் 108 மில்லிமீட்டர், அதாவது நாலேகால் அங்குலம். 1891 முதல் மாறாத அளவு இது. பந்தின் குறைந்த அளவு விட்டம் 42.67 மில்லிமீட்டர், எடை 45.93 கிராமுக்கு மேற்படக் கூடாது.

ஒரு திடலைச் சுற்றி வர 72 அடிகள் கணக்கு என்றால், அதில் குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் இந்த உருட்டலுக்கே ஒதுக்கப்பட்டவை. சரிபாதி! இருநூற்றைம்பது கெஜம் பறக்கும் அடியும் ஓர் அடிதான். இரண்டடி தூரம் உருளும் தட்டலும் ஓர் அடிதான். சனிக்கிழமைதோறும் வரும் கனவான்கள் நெஞ்சம் புழுங்குவது இந்த இடத்தில்தான்.

என் கதைக்கு வருகிறேன். கேடிகளுக்கென்று ஆண்டுக்கொரு நாள் போட்டி நடப்பதுண்டு. சென்ற ஆண்டு நானும் கலந்துகொண்டேன். என் கையில் இருந்தது ஓர் ஐயா வேண்டாமென்று கொடுத்த பழைய வெண்கலத் தலைக் கோல். பிடியின் ரப்பர் தேய்ந்துபோய், மேலே சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. கடைசிக் குழி. பந்து கிரீனுக்கு வந்துவிட்டது. குழிக்குப் பன்னிரண்டடி தூரம். இரண்டு தட்டில் போட்டால் எனக்குக் கோப்பை. முதல் தட்டில் பந்து குழியின் வலப்புறம் வழுக்கிக்கொண்டு நான்கடி தாண்டி ஓடியது. திரும்பத் தட்டியது குழியின் உதட்டில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்தது. மூன்றாவதில் விழுந்தது, கோப்பை போயிற்று.

“இந்த ஓட்டைக் கோலை வைத்துக்கொண்டு எவன் ஆடுவான்?” என்று கோலைப் பையில் வீசினேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது மட்டும் கேட்டார்: “கோல் என்ன பண்ணுச்சு கண்ணு? மழ பேஞ்சா அந்த எடத்துல தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு பார்த்தியா?”

பார்க்கவில்லை. அதுதான் உண்மை.

அதன் பிறகு, நான் பை சுமக்கும் ஐயாமார் கேட்கும் கேள்விகளை உற்றுக் கேட்கத் தொடங்கினேன். வெண்கலம் நல்லதா, எஃகு நல்லதா? முகத்தில் மெத்தென்ற பிளாஸ்டிக் பதித்த கோல் வாங்கலாமா? தலை தகடுபோல் மெல்லியதாக இருக்கலாமா, சுத்தியல்போல் பெருத்திருக்கலாமா? வலக்கை கீழேயா, இடக்கை கீழேயா? கைப்பேசியில் படம் பார்த்துவிட்டு வந்து வாரம் ஒரு கேள்வி. கேள்விகள் எல்லாம் கோலைச் சுற்றியும் கையைச் சுற்றியுமே நிற்கின்றன. பந்து ஓடப்போகும் தரையைப் பற்றி நூற்றில் ஒருவர் கேட்டால் அதிகம். கேள்வியே இடம் மாறி நிற்கிறது என்பது என் கருத்து. வாதமாகச் சொன்னால் ஏற்க மாட்டீர்கள், கணக்காகச் சொல்கிறேன். இயற்பியல் பேராசிரியர்கள் பிழையிருந்தால் பொறுத்தருள்க.

கோலின் தலை 330 கிராம் எடை என்று கொள்வோம். அதைவிட 20 கிராம் கனமான, 350 கிராம் தலையுள்ள புதுக்கோல் ஒன்றை ஐயா வாங்கி வருகிறார். அதே வேகத்தில் வீசினால் பந்து எவ்வளவு கூடுதலாக ஓடும்? மோதல் விதிப்படி பந்தின் வேகம் நூற்றுக்கு ஒரு பங்குகூட ஏறவில்லை. இருபதடி ஓட வேண்டிய பந்து சுமார் மூன்றரை அங்குலம் கூட ஓடும், அவ்வளவுதான். முகம் மெத்தென்று இருந்தால்? மீள்தன்மைக் குணகம் 0.80-இலிருந்து 0.75 ஆகக் குறைவதாக வைத்துக்கொண்டால், இருபதடியில் சுமார் ஓரடி குறையும். ஆனால் அது நேற்றும் ஓரடி, இன்றும் ஓரடி, நாளையும் ஓரடி. அரை மணிப் பழக்கத்தில் கை அதைத் தெரிந்துகொள்ளும்.

இப்போது தரையைப் பாருங்கள். கிரீனில் பந்து எவ்வளவு தூரம் ஓடும் என்று அளக்க ஓர் எளிய கருவி உண்டு. 1935-இல் ஓக்மாண்ட் திடலில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியில், ஜீன் சரசன் தட்டிய பந்து கிரீனையே விட்டு உருண்டோடியதைக் கண்ட எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர், இந்தத் தரையின் வேகத்தை எண்ணால் சொல்ல முடியாதா என்று யோசித்துச் செய்தது. பள்ளமுள்ள ஒரு சட்டம். ஒரு முனையில் பந்தை வைத்து மெல்லத் தூக்கினால், குறிப்பிட்ட சாய்வு வந்ததும் பந்து தானே உருண்டிறங்கும். சமதரையில் எத்தனை அடி ஓடி நிற்கிறதோ அதுவே அந்தக் கிரீனின் எண். ஸ்டிம்ப்சன் மரத்தில் செய்தார். பின்னர், 1970-களில், அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் அதை அலுமினியத்தில் செய்து திடல்களுக்குக் கொடுத்தது. நம் ஆய்வுக்கூடத்துச் சாய்தளச் சோதனைதான், நண்பர்களே! வேறு மந்திரம் ஒன்றுமில்லை.

இப்போது கணக்கு. எட்டு எண்ணுள்ள கிரீனில் இருபதடி ஓடும்படித் தட்டிய அதே தட்டு, பதினோரு எண்ணுள்ள கிரீனில் இருபத்தேழரை அடி ஓடும். ஏழரையடி வித்தியாசம்! அங்கே மூன்றரை அங்குலம், இங்கே ஏழரையடி. திடலுக்குத் திடல்தான் இந்த வேறுபாடு என்று நினைக்க வேண்டாம். காலையில் பனி கோத்து நிற்கும் புல் பந்தைப் பிடித்து நிறுத்தும். வெயில் ஏறி, புல் காய்ந்த பிறகு அதே புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். வெட்டிய அன்றைக்கு ஒரு வேகம், வெட்டாத அன்றைக்கு வேறு வேகம். பள்ளம் நோக்கி ஒரு வேகம், மேடு நோக்கி இன்னொரு வேகம். இத்தனையையும் விட்டுவிட்டு வெண்கலமா எஃகா என்று கேட்பது, ஆற்றில் வெள்ளம் எவ்வளவு என்று பாராமல் துடுப்பின் மரம் தேக்கா வேங்கையா என்று கேட்பது போல இருக்கிறது.

வேகம் மட்டும்தானா, திசை வேண்டாமா என்பீர்கள். வேண்டும். பத்தடி தூரத்திலிருந்து குழியின் நடுவைக் குறிவைத்த பந்து, ஒரே ஒரு பாகை விலகினால் அதன் மையம் குழியின் விளிம்பைத் தொடும். இருபதடியில் அரைப் பாகை போதும். கோலின் முகம் எங்கே பார்க்கிறதோ ஏறத்தாழ அங்கேதான் பந்து புறப்படும். கை எந்தப் பாதையில் வீசியது என்பது அதற்குப் பிறகுதான். 2008-இல் தேர்ந்த ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, திசைப் பிழையில் எண்பது விழுக்காடு முகத்தின் கோணத்தால், பதினேழு விழுக்காடு பாதையால், மூன்று விழுக்காடு முகத்தில் எந்த இடத்தில் பந்து பட்டது என்பதால் என்று பிரித்துக் காட்டியது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. தேர்ந்தவர்களின் கை ஏற்கெனவே போதிய அளவு சீராக இருக்கிறது. அவர்கள் தவறவிடுவதற்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் உண்டு. கிரீனின் சாய்வைக் கணிப்பதில் கவனம் செலுத்துவதே மேல் என்று. என் தந்தையார் ஆய்விதழ் படிப்பவர் அல்லர். ஆனாலும் அவர் கேட்ட கேள்வி அதேதான்.

திசையும் வேகமும் கைகோத்து நடப்பவை. பந்து குழிக்கு வரும்போது எவ்வளவு வேகத்தில் வரலாம்? குழியின் வாயைக் கடப்பதற்குள் பந்து தன் ஆரத்தின் அளவாவது கீழே விழுந்துவிட வேண்டும். 21 மில்லிமீட்டர் விழ வினாடியில் நூற்றில் ஆறரைப் பங்கு ஆகும். அதற்குள் கடக்கக்கூடிய தூரம் 87 மில்லிமீட்டர். ஆக, வினாடிக்கு 1.3 மீட்டருக்கு மேல் வேகமாக வரும் பந்து, நட்டநடுவே வந்தாலும் எதிர் விளிம்பில் முட்டும். முட்டிய பிறகு மேலே துள்ளி உள்ளே விழவும் வாய்ப்புண்டு. அதையும் சேர்த்துக் கணக்கிட்ட பிரையன் ஹோம்ஸ் என்ற இயற்பியலார், 1991-இல், 1.63 மீட்டர் என்று எல்லை கட்டினார். அதுவும் நட்டநடுவே வரும் பந்துக்கு. ஓரமாக வரும் பந்துக்கு எல்லை இன்னும் குறைவு. அதாவது, வேகம் ஏற ஏறக் குழி சிறுத்துக்கொண்டே போகிறது! என்னுடைய இரண்டாவது தட்டு உதட்டில் சுற்றி வெளியே வந்ததன் காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை. தாளில் எழுதிப் பார்த்தபோது விளங்கிற்று. சைக்கிள் டியூப் சுற்றிய பிடிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பந்து முன்னோக்கிச் சுழலும்படிச் செய்யும் கோல் என்று விளம்பரங்களில் சொல்வார்கள். தட்டிய பந்து முதலில் சற்று வழுக்கிச் செல்லும். பிறகுதான் உருளத் தொடங்கும். சுழற்சியின்றிப் புறப்பட்ட திண்மக் கோளம், உருளத் தொடங்கும் கணத்தில் தன் தொடக்க வேகத்தில் ஏழில் ஐந்து பங்கைக் கொண்டிருக்கும். உராய்வு அதிகமானாலும் குறைந்தாலும் இந்தப் பின்னம் மாறாது. இரண்டாம் ஆண்டுப் பாடம் இது, புல்லுக்கும் பொருந்துகிறது.

அப்படியானால் கோல் செய்கிறவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்களா? அப்படிச் சொன்னால் பெரும் பிழை. கார்ஸ்டன் சோல்ஹைம் என்றொருவர். நார்வேயில் 1911-இல் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, செருப்புத் தைத்துப் பிழைத்து, பின் பொறியியலாளராகி ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நடுவயதில்தான் கோல்ஃப் ஆடத் தொடங்கினார். உருட்டல் வரவில்லை. அவரும் கோலைத்தான் குறை சொன்னார்! ஆனால் அவர் குறை சொல்லிவிட்டுக் கடைக்குப் போகவில்லை; வீட்டுக் கார் கொட்டகையில் உட்கார்ந்து எடையைப் பிரித்துப் பார்த்தார். தலையின் நடுவில் இருக்கும் உலோகத்தை எடுத்து இரு முனைகளிலும் வைத்தால், நடுவில் படாத பந்து தட்டும்போதும் தலை திருகாது என்று கண்டார். நாம் நிலைமத் திருப்புத்திறன் என்று படிப்பது அதைத்தான். 1959-இல் அவர் செய்த முதல் கோல் பந்தில் பட்டபோது ‘பிங்’ என்று ஒலித்தது. அதுவே பின்னர் அவருடைய நிறுவனத்தின் பெயராயிற்று. 1966-இல் அவர் செய்த ‘ஆன்சர்’ என்ற வடிவத்தைப் பின்பற்றாத தொழிற்சாலை இன்று அரிது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. சோல்ஹைம் மாற்றியது உலோகத்தை அன்று. எடை இருக்கும் இடத்தை. டங்ஸ்டன் எஃகைவிட இரண்டரை மடங்கு அடர்த்தியானது. அலுமினியம் எஃகில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே, நடுவில் அலுமினியமும் முனையில் டங்ஸ்டனும் வைத்தால் எடையை ஓரத்துக்குத் தள்ளுவது எளிது. உலோகத்தின் பெயருக்கு உள்ள மதிப்பு இவ்வளவுதான். மற்றபடி வெண்கலத்தின் ‘உணர்வு’ என்றும் எஃகின் ‘உணர்வு’ என்றும் சொல்வதெல்லாம் பெரும்பாலும் காதுக்கு. பந்து கோலில் ஒட்டியிருக்கும் நேரம் ஏறத்தாழ வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கைக்குச் செய்தி எட்டுவதற்குள் பந்து போய்விட்டது. எங்கள் விடுதி நண்பர்கள் சிலரைக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தட்டச் சொன்னேன். மெத்தென்ற முகம் எது, கடின முகம் எது என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பஞ்சை எடுத்ததும் எல்லாரும் நிபுணர்கள்!

வரலாறும் இதற்கு ஒத்துப் போகிறது. பாபி ஜோன்ஸ் 1930-இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும்பட்டங்களையும் வென்றது ஹிக்கரி மரக்காம்பு கோத்த பழைய கோலால். தென்னாப்பிரிக்காவின் பாபி லாக், எஃகுக் காம்புகள் எங்கும் வந்துவிட்ட பிறகும், தன் பழைய ஹிக்கரிக் கோலை விடாமல் 1949-க்கும் 1957-க்கும் இடையே நான்கு முறை பிரிட்டிஷ் ஓப்பன் வென்றார். 1986-இல் ஜாக் நிக்லஸ் தமது நாற்பத்தாறாம் வயதில் பெருத்த அலுமினியத் தலைக் கோலுடன் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றதும், அந்தக் கோலுக்குக் கடைகளில் அடிபிடி. வாங்கியவர்களில் எத்தனை பேர் நிக்லஸ் ஆனார்கள்?

சட்டம் செய்கிறவர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1904-இல் வால்டர் டிராவிஸ் என்ற அமெரிக்கர், காம்பு நடுவில் கோத்த அலுமினியக் கோலுடன் வந்து பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தைக் கொண்டுபோனார். 1910-இல் அந்த வகைக் கோலையே பிரிட்டனில் தடை செய்தார்கள். தடை நீங்க நாற்பதாண்டுகள் ஆயின. கோலைத் தடுத்தது தவறு என்பேன். ஆனால் 2016 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த விதி வேறு வகை. நீண்ட கோலின் நுனியை நெஞ்சிலோ வயிற்றிலோ ஊன்றிக்கொண்டு ஊசல்போல் ஆட்டக் கூடாது என்றது அது. நீண்ட கோலைத் தடுக்கவில்லை, ஊன்றுவதைத்தான் தடுத்தது. இது நியாயம். கோல் எதுவாயினும் ஆகட்டும், அதைத் தாங்குவது கையாக இருக்கட்டும் என்பதே அதன் பொருள். நெஞ்சில் ஊன்றி 2013-இல் மாஸ்டர்ஸ் வென்ற ஆடம் ஸ்காட் இனித் தொலைந்தார் என்றார்கள். அவரோ 2016-இல் குட்டைக் கோலை எடுத்துக்கொண்டு அடுத்தடுத்து இரண்டு போட்டிகளை வென்றார்!

கைப்பிடி பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஜப்பானின் ஈசாவோ அவோகி, கோலின் மூக்கு வானத்தைப் பார்க்கும்படிப் பிடித்து ஆடியே உலகப்புகழ் பெற்றார். எந்த வகுப்பிலும் அப்படிச் சொல்லித்தர மாட்டார்கள். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கருக்குக் குட்டைத் தட்டலில் கை தானே துடிக்கும் கோளாறு வந்தது. பிடியை மாற்றி மாற்றி மீண்டு, 1985-இலும் 1993-இலும் மாஸ்டர்ஸ் வென்றார். உங்கள் கை எதில் துடிக்காமல் இருக்கிறதோ அதுவே உங்கள் பிடி.

இனி வாட்டம் பார்த்தல். கட்டட வேலை தெரிந்தவர்கள் இந்தச் சொல்லை அறிவார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும்படித் தளம் போடப்பட்டிருக்கிறதோ அதுதான் வாட்டம். ஆட்டக்காரர் சிலர் கோலை விரல்களால் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்கள், கொத்தனாரின் தூக்குக்குண்டேதான்! அதனால் பயனுண்டா என்பதில் எனக்கு ஐயமுண்டு. அப்பா அப்படிச் செய்வதில்லை. கிரீனுக்குள் கால் வைப்பதற்கு முன்பே, முப்பது கெஜம் தள்ளி நடந்து வரும்போதே மலை எங்கே, ஓடை எங்கே என்று பார்த்துவிடுவார். பிறகு குழிக்குக் கீழ்ப்புறமாக நின்று குந்திப் பார்ப்பார். கடைசியாகக் குழிக்கு அருகே மூன்றடியை மட்டும் தனியாகப் பார்ப்பார். பந்து வேகம் குறைந்து நடப்பது அங்கேதான். மெல்லப் போகும் பந்துதான் அதிகம் வளையும். இந்த மூன்றுக்கும் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகாது. பிறகு விரலால் ஓர் இடத்தைத் தொடாமல் காட்டுவார். “இங்க சார், மெதுவா.” அந்த மூன்று சொல்லுக்குள் முப்பது வருடம் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, கோலின் உலோகத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார் சார்!

ஒரு நேர்மையான தடையையும் சொல்லிவிட வேண்டும். உருட்டலே எல்லாம் என்று நான் வாதிட்டால் அது மிகை. மார்க் பிராடி என்ற அமெரிக்கப் பேராசிரியர் லட்சக்கணக்கான அடிகளை எண்ணிப் பார்த்து 2014-இல் ஒரு நூல் எழுதினார். முதல்தர ஆட்டக்காரர்களைப் பிறரிடமிருந்து பிரிப்பதில் உருட்டலின் பங்கு சுமார் பதினைந்து விழுக்காடுதான் என்று அவர் காட்டினார். எட்டடி தூரத்திலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்களே இரண்டுக்கு ஒன்றுதான் போடுகிறார்கள் என்பதையும் நம் ஐயாமார் அறிந்தால், எட்டடியில் தவறவிட்டதற்காகக் கோலை மாற்ற மாட்டார்கள். தொலைதூர அடிக்கு உடல்வலுவும் பயிற்றுநரும் நல்ல கோல்களும் வேண்டும். அவற்றுக்குப் பணம் வேண்டும். உருட்டலுக்கு அப்படியில்லை. இந்த ஆட்டத்தில் பணம் மிகக் குறைவாகப் பேசும் இடம் அதுதான். எனக்கு அதன்மேல் உள்ள ஆசைக்குக் காரணமும் அதுதான்.

கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-இல் தோன்றியது. பிரிட்டனுக்கு வெளியே இதைவிடப் பழைய கிளப் இல்லை. அந்தத் திடலின் புல்லைப் பராமரித்த ஒரு தொழிலாளியின் மகன் சௌரசியா. இரவல் கோல்களில் பழகியவர். அவர் 2016-இலும் 2017-இலும் இந்திய ஓப்பன் பட்டத்தைத் தொடர்ந்து வென்றார். கிரீனைச் சுற்றியுள்ள சிறு தட்டல்களில் அவருக்கிருந்த கைத்திறனைப் பார்த்து, அவர் பெயரையே ‘சிப்புட்சியா’ என்று திரித்து அழைத்தார்கள். அவருக்கு முன் 1991-இல் அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியர் அலி ஷேர், டில்லியில் பை சுமந்தவர். கேடி!

உதகையிலும் கொடைக்கானலிலும் வெலிங்டனிலும் திடல்கள் இருக்கும் நம் மாநிலத்தில், அரசுக் கல்லூரி மாணவன் ஒருவன் இதைக் கற்க வழியென்ன? உண்மையான கிரீன் போடுவது நம்மால் ஆகாது. புல்லை மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் நாள்தோறும் வெட்ட வேண்டும். அதற்கான எந்திரமும் ஆளும் நம்மிடம் இல்லை. ஆனால் விடுதி வராந்தாவில் விரித்த ஜமக்காளம் இருக்கிறது. அதன் கீழே இரண்டு செய்தித்தாள்களை மடித்துச் செருகினால் வாட்டம் கிடைக்கிறது. ஆய்வுக்கூடத்துச் சாய்தளத்தால் அதன் வேகத்தையும் அளந்துவிட்டோம். கபடிக் குழுவில் இருவரும், தாவரவியல் துறையில் ஒருவரும், தமிழ்த்துறை விரிவுரையாளர் ஒருவரும் மாலையில் வந்து போகிறார்கள். கோல் ஒன்றேதான், சைக்கிள் டியூப் சுற்றிய அதே கோல்.

விடுதிக்குப் பின்னால் உள்ள புல்தரையில் ஒரு குழி வெட்ட அனுமதி கேட்டு உடற்கல்வி இயக்குநரிடம் மனு கொடுத்திருக்கிறோம். சமையற்கூடத்திலிருந்து ஒரு பழைய தகர டப்பாவும் கிடைத்தது. அதன் வாய் 108 மில்லிமீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர் குறைவு. பழகுவதற்கு அதுவும் நல்லதே. சென்ற ஞாயிறன்று அப்பா என்னைப் பார்க்க வந்தவர், அந்த இடத்தையும் வந்து பார்த்தார். டப்பாவைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. கோலையும் கேட்கவில்லை. வேலியோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தண்ணி அந்தத் தைல மரத்துப் பக்கம் எறங்குது கண்ணு, குழிய இன்னும் நாலடி இப்பால வெட்டுங்க” என்று சொல்லிவிட்டு, பேருந்துக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.